கட்டைவிரல் சிவப்பு

சேலத்தில் கலர் மீன் வளர்த்த தோமினிக்கிடம் ஐந்து நிமிடம் நின்று பேசியவர்கள் அவருடைய வலது கட்டைவிரலைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. பேச்சுக்கு நடுவே அதை ஆள்காட்டி விரலின் மேல் வைத்துத் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் விரலைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொள்வார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்காது. ஆனாலும் பார்ப்பார். மூக்குப்பொடிப் பழக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. பழைய சாயப்பட்டறை ஆள், கை சும்மா இருக்காது என்று சொன்னவர்களும் உண்டு. இவர்கள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி அவருக்கும் அவர் மனைவி இன்னாசிமேரிக்கும் ஒரு பாதிரியாருக்கும் மட்டும்தான் ரொம்ப வருடம் தெரிந்திருந்தது.

அம்மாபேட்டைப் பக்கம் சின்னண்ணன் என்பவரின் சாயப்பட்டறையில் தோமினிக் பதினாறு வருடம் வேலை பார்த்தார். மற்ற நிறங்களுக்கு யார் வேண்டுமானாலும் கொப்பரையில் நிற்கலாம். சிவப்புக்கு அவர்தான். கல்யாணக் கூறைப்பட்டுக்குப் போகும் சிவப்பு லேசுப்பட்டதல்ல. சரியாக ஏறாத சிவப்பு முதல் தண்ணீரிலேயே ஊரைக் கூட்டிவிடும். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காய்ந்த நூலில் ஒரு பிரியை எடுத்து நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேய்ப்பார். விரல் சுத்தமாக இருந்தால் நூல் தறிக்குப் போகும். சிவந்தால் மறுபடி கொப்பரைக்குப் போகும். நூலை வாங்கிப் போகலாமா என்று தறிக்காரர்கள் கேட்டால், பட்டறைக்காரர்கள் "தோமினிக் விரலைக் காட்டச் சொல்லு" என்பார்கள். அந்தப் பேச்சு அவர் காதில் விழும்போது அவருக்கு ஒரு மிதப்பு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1972 ஆவணியில் சங்ககிரிக் கல்லுத்தோட்டத்து வீட்டுக் கல்யாணம். தோட்டமும் லாரிகளும் உள்ள குடும்பம். பெண் பெயர் சௌந்திரம், பத்தொன்பது வயது. அவள் கூறைப்பட்டுக்கான நூல் தோமினிக்கின் கைக்கு வந்தது. அந்த வாரம் முதலாளி புதிதாக ஒரு சாயப்பொடி வாங்கிப்போட்டிருந்தார். தோமினிக் நூலை நனைத்துத் தேய்த்தார். விரல் சிவந்தது. மறுபடி முக்கி எடுத்துத் தேய்த்தார். மறுபடியும் சிவந்தது. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினார்.

"முகூர்த்தம் நெருங்கிருச்சு, தறிக்காரன் வாசல்ல நிக்கிறான்," என்றார் சின்னண்ணன். "பட்டுச்சேலையை யாருப்பா தண்ணியில முக்கப் போறாங்க? குடுத்துவுடு."

தோமினிக் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நூலைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த நாளெல்லாம் அவர் நினைத்து நினைத்துப் பார்த்தது இந்த ஒரு இடத்தைத்தான். யாரும் அவர் கையைப் பிடித்து வாங்கிப் போகவில்லை. அவராகத்தான் கொடுத்தார்.

தாலி கட்டி முடித்து மாப்பிள்ளையும் பெண்ணும் கோயிலுக்குப் புறப்பட்டபோது மழை பிடித்துக்கொண்டது. கூறைச் சிவப்பு கரைந்து சௌந்திரத்தின் பாதம் வரை வழிந்தது. முந்தானையும் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரமும் முடிச்சுப் போட்டிருந்ததால் அவருடைய வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பாகிவிட்டது. பந்தலில் இருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே பெண்ணின் பெரியப்பா சேலையையும் வேட்டியையும் கொண்டுவந்து பட்டறைத் திண்ணையில் போட்டார். சின்னண்ணன் சற்றும் தயங்காமல் தோமினிக்கைக் கைகாட்டினார். "இவன்தானுங்க. கடைசி அலசு அலசாம விட்டுட்டான்." பொடி மட்டம் என்று சொல்லத் தோமினிக்குக்கு வாய் வரவில்லை. சொன்னால், தெரிந்தும் ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள்.  தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றே வேலை போயிற்று. வேறு பட்டறைகளும் அவரைச் சேர்க்கவில்லை. கட்டைவிரலுக்கு இருந்த பெயரெல்லாம் ஒரே மழையில் போய்விட்டது.

வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து, செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. கல்லுத்தோட்டத்து மாப்பிள்ளை ஓட்டிப்போன லாரி தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்து ஆள் அங்கேயே போய்விட்டாராம். கல்யாணத்தன்றைக்கே அவர் வேட்டியில் ரத்தம் மாதிரி வழிந்ததாம். அந்தப் பெண் ராசி அப்படியாம். சாயக்காரன் தப்பு என்று முன்பு சொன்னதெல்லாம் இப்போது எடுபடவில்லையாம். பெற்ற தாய் சென்னியம்மாளே வாசலில் உட்கார்ந்து, "என் வயித்துல பொறந்ததே புருசனக் கொன்னுட்டு வந்துருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். தோமினிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். பாதிரியார் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மகனே, கடவுள்கிட்டச் சொல்லிட்டே, சரி. அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு. அது ராசி இல்லே, மட்டமான பொடின்னு சொல்லு. நீ சொன்னாத்தான் அவளுக்கு விடுதலை." தோமினிக் சரி என்று சிலுவை போட்டுக்கொண்டு வந்தார். ஆனால் போகவில்லை. வேலையை விட்டு விரட்டப்பட்ட ஒருத்தன் வந்து பொடிமேல் பழி போட்டால் யார் நம்புவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். பயம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பிழைப்புக்கு மண்டியில் மூட்டை தூக்கினார், சுண்ணாம்பு அடித்தார். 1975-ல் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, மூர் மார்க்கெட்டில் கண்ணாடித் தொட்டிக்குள் தங்கமீன்களைப் பார்த்தார். தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் கரையாத சிவப்பை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். "வாங்குனா வாங்கு, இல்லாட்டி நகரு" என்று கடைக்காரன் விரட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றார். கடைசியில் நான்கு மீனைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்று உறைகளை இறக்கி, அடியில் சிமெண்ட் பூசித் தொட்டியாக்கினார். ஆகாயத்தாமரை வேரில் மீன்கள் முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. அதுவரை எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இவர் தொட்டியில் பிறந்து, கடலைப் பிண்ணாக்கும் தவிடும் தின்று வளர்ந்த மீன்கள் சிவக்கவில்லை. எலுமிச்சம்பழ நிறத்தில் வெளுத்துக் கிடந்தன. சந்தையில் அவற்றைச் சீந்துவாரில்லை.

"செவப்புக்கும் உங்களுக்கும் ஒத்து வராது போல," என்றாள் இன்னாசிமேரி. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அன்று முழுதும் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

1978 நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். தோமினிக் தன் அப்பா ராயப்பனின் கல்லறைக்குப் போனார். மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இருக்க, அந்தச் சிமெண்ட் மேடையின் தலைமாட்டில் அவரே முன்பு ஒரு சின்னக் குழி வைத்துக் கட்டியிருந்தார். ஐப்பசி மழை அதில் தேங்கி, நான்கு நாள் வெயிலில் வற்றியிருந்தது. குழியின் அடியில் செக்கச் செவேலென்று ஒரு பொருக்குப் படிந்திருந்தது. துரு என்று நினைத்துச் சுரண்டினார். சுரண்டிய கையை அவர் கண் பார்த்தது. கட்டைவிரல் சிவந்திருந்தது.

 ஆறு வருடத்துக்கு முந்தைய விரல் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தார். பிறகு உள்ளே இருந்த சாயக்காரன் விழித்துக்கொண்டான். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தார். சிவப்பு கரையவில்லை. வழியவும் இல்லை. மெழுகுவர்த்தி அட்டைப்பெட்டியைக் காலி செய்து, பொருக்கைச் சுரண்டி அதில் போட்டு எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பாதிப் பொருக்கைத் தண்ணீரில் போட்டு, சோடா உப்பைச் சேர்த்து, அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தார். நூலுக்குச் சாயம் இறக்குகிற முறை அது. எவ்வளவு கொதித்தும் தண்ணீரில் சிவப்பு இறங்கவில்லை. கடைசியில் வண்டல் நிறத்தில் ஏதோ மிஞ்சியது, அதையும் கீழே கொட்ட வேண்டியதாயிற்று. விரலில் ஒட்டியிருந்ததும் சோப்புக்குப் போகவில்லை. "எண்ணெய் போட்டுத் தேய்ங்க, வழக்கமா அதுக்குத்தானே போகும்," என்று இன்னாசிமேரி ஒரு கரண்டி கடலை எண்ணெயை ஊற்றினாள். விரலைத் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் சிவந்தது. தண்ணீருக்கு அசையாத சிவப்பு எண்ணெயில் இறங்கியது. தோமினிக் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வேலை போன நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மீதிப் பொருக்கை அம்மியில் வைத்து நைய அரைத்து, எண்ணெயில் குழைத்து, பிண்ணாக்கோடு பிசைந்து உருட்டிக் காயவைத்தார். ஒரு தொட்டிக்கு மட்டும் அதைத் தினமும் ஒரு சிட்டிகை போட்டார். மூன்றாவது வாரம் மீன்களின் செதில் ஓரம் ஆரஞ்சு தட்டியது. பொங்கலுக்குள் அவை மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டன. பக்கத்துத் தொட்டி மீன்கள் அப்படியே எலுமிச்சம்பழமாகத்தான் இருந்தன.

கல்லறையில் சுரண்டியதை மீனுக்குப் போடுகிறான் என்று பேச்சு கிளம்பியது. இன்னாசிமேரியும், "மாமா தலைமாட்டுல இனிமே கை வெக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் ஒரு சிட்டிகைப் பொருக்கை விதையாக வைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் அகலமான மண்சட்டிகளில் மழைத்தண்ணீர் விட்டுத் தூவினார். தண்ணீர் பச்சையாயிற்று. பச்சையைப் பார்த்து, கெட்டுப்போயிற்று என்று முதல் தடவை கொட்டிவிட்டார். ஒரு சட்டியை மட்டும் கவிழ்க்க மறந்துபோனார். அது வெயிலில் வற்றி வற்றிச் சிவந்தது. மீன் வாங்க வந்த ஒரு கல்லூரி வாத்தியார் விளக்கம் சொன்னார்: அது ஒரு பாசி, தண்ணீர் நிறைய இருந்தால் பச்சையாக இருக்கும், தண்ணீர் வற்றி வெயில் சுட்டால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தனக்குள் சிவப்பைச் சேர்த்துக்கொள்ளும், அதைத் தின்னும் மீனின் தோலிலும் அந்தச் சிவப்பு ஏறும், தின்பதை நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். கடைசி வாக்கியத்தை அப்போது தோமினிக் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூருக்கும் ஈரோட்டுக்கும் அவர் மீன் போக ஆரம்பித்திருந்தது.

1984 ஐப்பசியில் ஒரு ஜீப் வந்து நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார்.

"ஏனுங்க, மீன்காரரு நீங்கதானுங்களா? எம்பேரு செங்கோட்டையனுங்க. சங்ககிரியில புது ஊடு கட்டியிருக்கறனுங்க. கூடத்துல பெருசாக் கண்ணாடித் தொட்டி வெச்சிருக்குது. நல்லாச் செவந்த மீனாப் பன்னண்டு வேணுமுங்க."

"ஊடு எங்கங்க?" என்றார் தோமினிக்.

"கல்லுத்தோட்டத்து ஊடுன்னு கேட்டீங்கன்னா பஸ்ஸ்டாண்டுலயே சொல்லுவாங்க."

தோமினிக்குக்குப் புரிந்துவிட்டது. சௌந்திரத்தின் தம்பி இவர். அன்று சேலையைக் கொண்டுவந்தது பெரியப்பா என்பதால் இவருக்குத் தோமினிக்கைத் தெரியாது. ஜீப் போன பிறகு அவர் உள்ளே வந்து சொன்னதும், இன்னாசிமேரி முறத்தைக் கீழே வைத்தாள். "பன்னெண்டு வருசமா நீங்க போகலே. இப்ப அவங்களே வந்து கூப்புடறாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள்.

பால் கேனில் மீனோடு பஸ் ஏறினார். கூடத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும். சொல்லாமலே தெரிந்தது. சுவரில் செங்கோட்டையனின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. இணைச்சீர் செய்கிற படம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவரோடு உட்கார்ந்து செய்கிற சீர் அது. படத்தில் கூடையோடு இருந்தவளைப் பார்த்து, என்ன பேசுவது என்று தெரியாமல், "இது நீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லீங்க. அது எங்க சித்தப்பா மகளுங்க," என்றாள் சௌந்திரம். "நானு அன்னிக்குச் சமையக்கட்டுல இருந்தனுங்க."

கேனுக்குள் குனிந்து பார்த்து, "இத்தன செவப்பு எப்படிங்க வந்துச்சு?" என்று கேட்டாள். தோமினிக் வாயைத் திறந்தார். உள்ளிருந்து அவள் அம்மா சென்னியம்மாளின் குரல் வந்தது. "சௌந்திரம், தள்ளி நில்லு. புதுசா வந்திருக்குது. மருமக வந்து தொட்டியில உடட்டும்." சௌந்திரம் விலகித் தூண் பக்கம் போய் நின்றாள். அவள் விலகிய வேகத்தைப் பார்த்தபோது, எத்தனை வருடத்துப் பழக்கம் அது என்று அவருக்குப் புரிந்தது.  தீனிப் பொட்டலத்தை அவளிடம் கொடுத்து, "இதைத் தவிர வேற போடாதீங்கம்மா, தீந்தா ஆளனுப்புங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.  அவர் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே இன்னாசிமேரிக்குத் தெரிந்துவிட்டது.

தீனி தீர்ந்தபோது அவர்கள் ஆளனுப்பவில்லை. நாமக்கல்லில் அவர்களுக்குக் கோழிப்பண்ணையும் இருந்தது. முட்டைக்கோழித் தீவனத்திலேயே எல்லாச் சத்தும் இருக்கிறதே, மீன் என்ன கோழியை விட உசத்தியா என்று செங்கோட்டையன் அதில் ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டார். சௌந்திரம் அதைத்தான் தினமும் போட்டாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள், ஜீப் மறுபடியும் வந்தது. கேனில் பன்னிரண்டு மீனும் எலுமிச்சம்பழ நிறத்தில் நீந்தின.

"மீன்காரரே, நீங்க முந்தி சாயப்பட்டறையில இருந்தவராமா?" என்றார் செங்கோட்டையன். குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன குரல். "மீனச் சாயத்துல முக்கிக் குடுத்தீங்களா? ஆமான்னாச் சொல்லீருங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டனுங்க. எங்கக்காளுக்கோசரம் கேக்கறன். அவதான் தெனமும் தீனி போட்டா. அவ கை பட்டாச் செவப்பு நிக்காதுன்னு எங்கம்மா பேசறாங்க. அக்கா ஒரு வாரமா வாயில சோறு வெக்கலீங்க."

அந்த நிமிடத்தில் தோமினிக் சொல்லியிருக்கலாம். சேலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அல்லது, ஆமாம், சாயம்தான் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அன்று ராத்திரி ஒரு வாய் சோறு தின்றிருப்பாள். ஆனால் 'சாயமா' என்று கேட்டதும் அவருக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையான சிவப்பை உண்டாக்கியிருக்கிறார். அதையும் பொய் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"சாயமில்லீங்க. தீனி மாறினா வெளுக்கும். திரும்பப் போட்டா இதே மீனு சிவக்கும். நாற்பது நாள் குடுங்க. ஈஸ்டருக்கு மறுநாள் நானே கொண்டாந்து உங்க அம்மா முன்னாடி வெக்கிறேன். அன்னிக்கு இன்னொரு விசயமும் சொல்லணும்."

"அதென்னங்க விசயம்?"

"மீனு செவந்ததும் சொல்றேன். அப்பத்தான் நம்புவீங்க."

செங்கோட்டையன் தலையாட்டிவிட்டுப் போனார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்னாசிமேரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மீனு அது பாட்டுக்குச் செவக்கும். தீனிய நான் போட்டுக்கறேன். நீங்க நாளைக்கே பஸ் ஏறுங்க. அந்தப் பொண்ணு பட்டினி கெடக்குதுங்கறாங்க!" என்றாள்.

"வெறுங்கையோட போனா யாரு நம்புவா?" என்றார் தோமினிக்.

"நம்பாட்டிப் போறாங்க. சொல்றதுதானே உங்க வேலை?"

 மறுநாள் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பன்னிரண்டு மீனுக்கும் தனித்தொட்டி ஒதுக்கினார். தவக்காலம் முழுவதும் ஒருவேளைதான் சாப்பிட்டார். காலையிலும் மாலையிலும் மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு, தொட்டியோரம் குந்திக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான்காவது ஞாயிறுக்குள் ஆரஞ்சு தட்டிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று எல்லாமே சிவந்து நின்றன. அப்போதே போயிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் இருந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத சிவப்பாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டார். பழைய கட்டைவிரல் மிதப்பு அவரை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள், 1985 ஏப்ரல் எட்டாம் தேதி, கேனைத் தூக்கிக்கொண்டு சங்ககிரியில் இறங்கினார். கல்லுத்தோட்டத்து வீட்டு வாசலில் பிரித்த பந்தலின் மூங்கில்கள் சுவரோரம் சாத்தியிருந்தன. ஏதோ விசேசம் போல என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனார். கூடத்தில் கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது. அதற்கு மேலே, இணைச்சீர்ப் படத்துக்குப் பக்கத்தில், சென்னியம்மாளின் படம் மாலையோடு தொங்கியது. கீழே விளக்கு எரிந்தது.

செங்கோட்டையன் மொட்டைத் தலையோடு எழுந்து வந்தார். "அம்மா தவறிட்டாங்க. நெஞ்சுவலின்னு மூணே நாளுங்க. முந்தாநேத்துத்தான் பதினாறாம் நாள் காரியம் ஆச்சு," என்றார்.

தோமினிக்கின் கையில் கேன் கனத்தது. கீழே வைத்தார். சௌந்திரம் தூண் பக்கமிருந்து வந்து கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "செவந்திருச்சுங்களே!" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டதும், நாற்பது நாளாகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. கைகூப்பிக்கொண்டு அப்படியே சொன்னார்.

"அம்மா, உங்க கூறைச்சேலைக்கு நூலு முக்குனவன் நான்தாம்மா. அந்தச் செவப்பு கரைஞ்சது உங்க ராசி இல்லே. பொடி மட்டம். எனக்கு முன்னமே தெரியும். என் விரல்ல ஒட்டுச்சு. முதலாளி குடுன்னாரு, குடுத்துட்டேன். மழையில அது கரையாம இருந்திருந்தாத்தான் அதிசயம். உங்க ஊட்டுக்காரர் போனதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லேம்மா. இத இத்தன வருசம் வந்து சொல்லாம இருந்தது எம் பாவம்."

 செங்கோட்டையன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். சௌந்திரம் அழுவாள், கத்துவாள், கேனை எட்டி உதைப்பாள் என்றெல்லாம் தோமினிக் எதிர்பார்த்தார். அதில் எது நடந்திருந்தாலும் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நீங்க போன மாசம் வந்திருக்கக் கூடாதுங்களா?" என்றாள். "உசுரு போறப்ப எல்லாரும் வாயில பால் ஊத்துனாங்க. நானும் பால் சங்கெடுத்துட்டுக் கிட்டப் போனனுங்க. எங்கம்மா கையத் தூக்கி, வேண்டாம்னு காட்டுனாங்க. பேச்சு நின்னு போச்சுங்க, ஆனா கை மட்டும் காட்டுச்சு."

 சென்னியம்மாள் போன அன்று மீன்கள் ஆரஞ்சு தட்டியிருந்தன. நல்ல சிவப்பு வரட்டும் என்று அவர் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார்.  செங்கோட்டையனின் மனைவி வந்து கேனைத் தூக்கப் போனாள். சௌந்திரம் கையை நீட்டித் தடுத்தாள். தானே கேனைத் தூக்கித் தொட்டியில் சரித்தாள். பன்னிரண்டு மீனும் கண்ணாடிக்குள் இறங்கி ஓடின. வீட்டில் யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

தோமினிக் புறப்படுவதற்காகத் துண்டை எடுத்தார். "மன்னிச்சிருங்கன்னு கேக்க எனக்கு வாயில்லேம்மா," என்று தடுமாறினார்.

"எங்கிட்டச் சொன்னது போதுமுங்க," என்றாள் சௌந்திரம். "எனக்கு எப்பவுமே தெரியுமுங்க, நான் ஒண்ணும் பண்ணலீன்னு. தெரியாம போனது அவங்களுக்குத்தான்." அம்மாவின் படத்தைக் காட்டினாள். "அங்க பாத்துச் சொல்லுங்க. ஒண்ணும் உடாம, மொதல்ல இருந்து சொல்லுங்க."

தோமினிக் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படத்துக்கு எதிரே போய் நின்றார். சௌந்திரம் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வலது கையை உயர்த்தி, கட்டைவிரலைப் படத்துக்கு நேராகக் காட்டினார்.

"அம்மா, அன்னிக்கு உங்க மக கூறை நூலை நனைச்சு, இந்த விரல்ல தேய்ச்சுப் பாத்தேன்," என்று தொடங்கினார்.